பூர்வீகம் தேடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பட்டா, கல்யாணப் பதிவேடு, கல்லறை. பூர்வீகம் தேடக் கிளம்புகிறவர்கள் கடைசியில் இந்த மூன்றில் ஒன்றின் முன்னால்தான் வந்து நிற்பார்கள். மூன்றுமே நம் வம்சத்தைச் சொல்வதற்காக எழுதப்பட்டவை அல்ல. பட்டா, வரி யாரிடம் வாங்குவது என்பதற்காக எழுதியது. திருமணப் பதிவேடு, அந்தக் கல்யாணம் செல்லும் என்று காட்டுவதற்காக. கல்லறைக் கல், இறந்தவரை இருப்பவர்கள் எப்படி நினைக்க விரும்பினார்களோ அதற்காக. எழுதியவருக்குத் தேவைப்பட்டது மட்டும் அதில் இருக்கும். நமக்குத் தேவையானது கிடைத்தால் அது தற்செயல். இதை மறக்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

பட்டாவை வம்சாவளியாகப் படிப்பது

முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். பட்டாவில் 'ராமசாமி', அதற்கு முந்தைய பதிவில் 'குப்புசாமி' என்று இருந்தால் குப்புசாமியின் மகன் ராமசாமி என்று எழுதிவிடுகிறார்கள். குப்புசாமி சித்தப்பாவாக இருக்கலாம், மாமனாராக இருக்கலாம், நிலத்தை விற்றுவிட்டுப் போன அந்நியராகவும் இருக்கலாம். தாத்தா இறந்து முப்பது நாற்பது வருஷம் ஆன பிறகும் அவர் பெயரிலேயே பட்டா ஓடிக்கொண்டிருப்பது நம் ஊர்களில் சர்வ சாதாரணம். எனவே ஒருவர் பெயர் பட்டாவில் இருப்பது அந்த வருஷம் அவர் உயிரோடு இருந்தார் என்பதற்குக்கூடச் சான்று ஆகாது.

உறவு தெரிய வேண்டுமென்றால் பத்திரத்துக்குப் போக வேண்டும், அதிலும் பாகப்பிரிவினைப் பத்திரத்துக்கு. கிரயப் பத்திரத்தில் விற்றவர், வாங்கியவர், அவரவர் தகப்பனார் பெயர் வரை கிடைக்கும். பாகப்பிரிவினையில் சொத்து எந்தப் பாட்டனார் வழி வந்தது, அவருக்கு எத்தனை தாரம், எந்தத் தாரத்துக்கு யார் பிள்ளை, மைனருக்கு யார் கார்டியன் என்று முகவுரையிலேயே கொட்டிக் கிடக்கும். சண்டை பெரிதாக இருந்த குடும்பத்தின் பத்திரம் நீளமாக இருக்கும். வேர் தேடுகிறவருக்கு அது அதிர்ஷ்டம்.

இணையத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்துவிட்டு 'ஒன்றும் இல்லை' என்று திரும்பிவிடுவது அடுத்தது. கணினியில் ஏறியவை பெரும்பாலும் 1975க்குப் பிந்தைய பதிவுகள். அதற்கு முந்தையவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு, கையால் எழுதிய அட்டவணைகளைத் தேட வேண்டும். 1908 பதிவுச் சட்டப்படி, அசையாச் சொத்துப் பத்திரங்கள் ஏறும் 1 ஆம் புத்தகத்துக்கு இரண்டு அட்டவணை உண்டு: ஒன்று ஆட்களின் பெயர்படி, இன்னொன்று சொத்தின்படி. சர்வே எண் தெரியாதவர்கள் பெயர் அட்டவணையைக் கேட்கலாம். 1 ஆம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், உயில்கள் ஏறும் 3 ஆம் புத்தகத்தை அப்படிப் பார்க்க முடியாது. இந்த வித்தியாசம் தெரியாமல் கவுன்ட்டரில் வாதாடிப் பயனில்லை.

பதிவேட்டிலும் இல்லை என்றால்? 1882 சொத்து மாற்றுச் சட்டப்படி, 100 ரூபாய்க்குக் குறைந்த மதிப்புள்ள நிலத்தைப் பத்திரம் பதியாமல் கைமாற்றிக் கொடுத்தே விற்கலாம். அன்றைக்கு 100 ரூபாய் பெரிய தொகை. ஏழைக் குடும்பங்களின் நிலம் பல தலைமுறை பதிவாளரையே பார்க்காமல் கைமாறியிருக்கும். அண்ணன் தம்பிகளும் ஊர்ப் பெரியவர் முன்னால் வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டு, அதிகம் போனால் யாருக்கு எது என்று ஒரு கூர்ச்சீட்டு எழுதி வைத்திருப்பார்கள். அந்தக் கூர்ச்சீட்டு எந்த அலுவலகத்திலும் கிடைக்காது, பெரியப்பா வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடைக்கலாம்.

சர்வே எண்ணை நம்பி ஏமாறுவதும் உண்டு. 1979 இல் தொடங்கி 1980களில் நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில், ஊரில் யு.டி.ஆர். என்பார்களே அதில், உட்பிரிவுகள் மாறின, பெயர்கள் விடுபட்டன, பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறிய கதைகளும் ஏராளம். 1920இல் எழுதிய பத்திரத்தில் உள்ள எண்ணை இன்றைய வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் வேறு யாரோ ஒருவரின் கிணற்றில் போய் நிற்பீர்கள். பழைய எண்ணுக்குப் புதிய எண் என்ன என்ற ஒப்பீட்டு விவரத்தைத் தாலுகா அலுவலகத்தில் கேட்டு வாங்கிய பிறகே தேட வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்து ஜமீன் கிராமங்களில் இன்னொரு சிக்கல். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முன்பு அங்கே வரி வாங்கியது ஜமீன், சர்க்கார் அல்ல. சர்க்காரின் நிலவரி செட்டில்மென்ட் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தாவைத் தேடிவிட்டு, நமக்கு அந்த ஊரே இல்லை போல என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இனாம் நிலமென்றால், அதாவது வரி இல்லாமலோ குறைந்த வரிக்கோ மானியமாக விட்ட நிலமென்றால், 1860களில் இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகளைச் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

பெண்களைத் தொலைப்பது

மூன்று ஆண்பிள்ளைகள் பாகம் பிரித்துக்கொண்டதாகப் பத்திரம் சொல்கிறது. உடனே 'பிள்ளைகள் மூவர்' என்று மரத்தில் வரைந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமைப் பங்கு என்று சட்டம் வந்தது 1989இல். அதற்கு முந்தைய பாகப்பிரிவினையில் மகள்கள் இல்லாதது அவர்கள் பிறக்கவில்லை என்பதைக் காட்டாது. பிற்காலத்தில் பங்கு வேண்டாம் என்று அவர்களிடம் கையெழுத்து வாங்கிய விடுதலைப் பத்திரம், அப்பா எழுதிக் கொடுத்த தான செட்டில்மென்ட், வாரிசுச் சான்று ஆகியவற்றில் தேடினால் அத்தைகள் வரிசையாகக் கிடைப்பார்கள்.

ஆதிப் பத்திரங்களில் பெண்ணின் பெயரே இல்லாமல் 'மேற்படியார் சம்சாரம்' என்று மட்டும் இருக்கும். அந்த 'மேற்படி'யும் பல இடங்களில் எழுத்தாக இராது. ௸ என்ற ஒற்றைக் குறியாக இருக்கும். வருஷத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, தேதிக்கு ௳. இந்த நான்கையும் பழக்கிக்கொள்ளாமல் பழைய ஓலையையோ முத்திரைத்தாளையோ கையில் எடுப்பது நேர விரயம்.

வருஷக் கணக்கு

'தாது வருஷம் பிறந்தார்' என்று குறிப்பு இருந்தால் அது 1876–77, பஞ்ச காலம். ஆனால் அறுபது வருஷச் சுற்றில் அதே தாது 1936–37இலும் வந்தது. கொள்ளுத்தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக்கிவிட இது போதும், பாட்டனார் பெயரையே பேரனுக்கு வைக்கிற வழக்கம் வேறு இருக்கிறது. வருவாய்க் கணக்குகளில் வரும் பசலி ஆண்டோடு 590 கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும், ஆனால் பசலி ஜூலையில் தொடங்குவதால் பசலி 1300 என்பது 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்தது, அங்கே கொல்லம் ஆண்டு. அதற்கு 825 கூட்ட வேண்டும், ஆனால் கொல்லம் வருஷம் ஆகஸ்ட் நடுவில் தொடங்குவதால் அப்போதிலிருந்து டிசம்பர் வரை 824 தான். காயல்பட்டினம், கீழக்கரை முஸ்லிம் கல்லறைகளின் மீசான் கற்களில் ஹிஜ்ரி இருக்கும். அதற்குக் கூட்டல் கழித்தல் உதவாது. ஹிஜ்ரி வருஷம் சுமார் 354 நாள், அதனால் நூறு ஹிஜ்ரி வருஷம் நமக்குத் தொண்ணூற்றேழுதான். ஹிஜ்ரி 1300 என்பது 1882–83.

ஊர்ப் பெயரிலும் இதே கவனம் தேவை. இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்துக் குடும்பத்தின் 1900 ஆம் ஆண்டு ஆவணத்தைத் 'தஞ்சாவூர் ஜில்லா, மாயவரம் தாலுகா' என்றுதான் தேட வேண்டும். அந்த மாவட்டமே 2020இல் பிறந்தது.

இல்லாத கல்யாணப் பதிவைத் தேடுவது

இந்துக் குடும்பம் ஒன்று 1930இல் நடந்த கல்யாணத்துக்குப் பதிவு தேடி அலைவதைப் பார்த்தால் பாவமாக இருக்கும். தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவது கட்டாயமானது 2009 சட்டத்தால்தான். அதற்கு முன்பு புரோகிதர், ஊர், சொந்தம் பார்த்ததே சாட்சி. அந்தச் சாட்சி எழுத்தில் இருக்கும் இடம் மொய் நோட்டு. என்னைக் கேட்டால் தமிழ்நாட்டின் மிகச் சிறந்த வம்சாவளி ஆவணம் இதுதான். யார், எந்த ஊர், எவ்வளவு என்று மட்டும் எழுதியிருக்கும், அதிலும் தாய்மாமன் வரிசை முதலில் வரும். பெண் எடுத்த ஊர், கொடுத்த ஊர் எல்லாம் அந்த ஒரு நோட்டில் கிடைக்கும். குலதெய்வக் கோயிலின் தலைக்கட்டு வரி நோட்டு அடுத்தது: பங்காளிகளில் யார் யார் தனிக் குடும்பமாக இருந்தார்கள் என்று வருஷா வருஷம் சொல்லும்.

நகரத்தார் குடும்பங்களில் நிலைமை வேறு. இளையாத்தங்குடி, மாத்தூர் முதலான ஒன்பது கோயில்களில் தங்கள் கோயில் வழியாகத்தான் திருமணம் பதிவாகும் என்பதால் தேடும் இடம் தெளிவு. அங்கே தடுக்கி விழுவது பிள்ளைகூட்டுதலில், அதாவது தத்தெடுப்பதில். சுவீகாரம் போனவர் ஆவணத்தில் இன்னொருவரின் மகனாக வருவார். ரத்த வழி வேண்டுமா, வாரிசு வழி வேண்டுமா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளாவிட்டால் மரம் குழம்பும்.

கத்தோலிக்கப் பங்குக் கோயில்களில் நல்ல பதிவேடுகள் உண்டு, ஆனால் பலர் பெயரையும் தேதியையும் மட்டும் குறித்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் நம்மிடம் சகஜம். திருச்சபைக்கு அது ரத்த உறவுத் தடை. மேலிடத்தில் விதிவிலக்கு வாங்கினால்தான் மணம் செல்லும், வாங்கியது பதிவேட்டில் குறிக்கப்படும். அந்த ஒரு வரி மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் என்ன உறவு என்று சொல்லிவிடும், அதாவது இருவருக்கும் பொதுவான முன்னோர் எத்தனை தலைமுறை மேலே என்பதையும். அதேபோல ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரத்தைப் பாருங்கள். 1908 முதல் ஒருவரின் திருமணத்தை அவர் ஞானஸ்நானம் பெற்ற பங்கின் பதிவேட்டிலும் குறிக்க வேண்டும் என்று ரோமாபுரி விதித்தது. ஓரக்குறிப்பு இருந்தால் அவர் எந்த ஊருக்குப் போனார் என்பது தெரிந்துவிடும். ஓலை வாசித்த தேதியை, அதாவது கல்யாணத்துக்கு முன்பு கோயிலில் அதை அறிவித்த தேதியை, கல்யாணத் தேதியாக எழுதிவிடுவது சின்னத் தவறு, ஆனால் அடிக்கடி நடப்பது.

புதுச்சேரி, காரைக்கால் குடும்பங்களுக்குப் பிரெஞ்சு அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகள் இருப்பது கொடுப்பினை. அங்கே ஒரு குடும்பப் பெயர் திடீரென்று முளைத்தால் பதறாதீர்கள். 1881 ஆணையின்படி தங்கள் வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போது குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அதற்கு முந்தைய தலைமுறையை அந்தப் பெயரில் தேடினால் கிடைக்காது.

கல் நிற்கும் இடம்

இந்துக்களில் எரிப்பவர்கள் அதிகம், புதைப்பவர்களும் கல் வைப்பது குறைவு. ஆகவே கல்லறைத் தேடல் பெரும்பாலும் கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களுக்கே உதவும்.

கல் நிற்கும் இடத்தில்தான் ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொள்வது இங்கே பொதுவான பிழை. சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித மரியாள் ஆலயத்தைச் சுற்றிப் பதித்திருக்கும் பழைய கல்லறைக் கற்களின் கீழே அந்தக் கற்களுக்கு உரியவர்கள் இல்லை. பழைய இடுகாடு கோட்டைக்கு வெளியே, உயர் நீதிமன்றத்தை ஒட்டிச் சட்டக் கல்லூரியாக இருந்த வளாகத்தில் இருந்தது. 1758–59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை அந்த உயரமான கல்லறைகளை மறைப்பாக வைத்துக்கொண்டு சுட்டதால், பிறகு அவற்றை இடித்துக் கற்களை ஆலயத்துக்குக் கொண்டு வந்தார்கள். கோட்டையின் கவர்னராக இருந்த எலிஹு யேலின் மகன் டேவிட்டின் சமாதி மாதிரி ஓரிரண்டுதான் பழைய இடத்தில் தப்பின. கல் தேய்ந்து படிக்க முடியவில்லை என்றால், ஜே.ஜே. காட்டன் 1905இல் தொகுத்த கல்லறைச் சாசனப் பட்டியலில் அந்த வாசகம் இருக்கலாம். அது பெரும்பாலும் ஐரோப்பியருடையது, நம் ஆட்கள் குறைவு.

சாதாரணக் கல்லறைத் தோட்டங்களில் குடும்பக் குழியைத் திரும்பத் திறந்து அடுத்தவரைப் புதைப்பார்கள். புதிய கல்லில் பழைய பெயர் விடுபடும். அடக்கப் பதிவேட்டோடு ஒப்பிடாமல் கல்லை மட்டும் நம்பக் கூடாது. 'வயது 60', 'வயது 70' என்று முழு எண்ணாக இருந்தால் அது குத்துமதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தைத் தெளிவாக்க ஆசிட் ஊற்றித் தேய்க்கிற ஆட்களும் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம். காலை வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுத்தால் போதும்.

கடல் தாண்டியவர்கள்

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல், பிஜிக்குத் தென்னிந்தியர் 1903 முதல் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அவர்களுக்குத் தலைக்கு ஒரு பதிவு உண்டு: பெயர், தகப்பனார் பெயர், வயது, ஜில்லா, கிராமம், சாதி. மொரிஷியஸ் பதிவுகள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. இலங்கைக்கும் மலாயாவுக்கும் ஆள் சேர்க்கும் கங்காணி வழியில் போனவர்களுக்கு இதே மாதிரிப் பதிவை எதிர்பார்ப்பதுதான் தவறு. அவர்களுக்குத் தோட்டத்துச் செக்ரோல் என்ற வேலையாள் பதிவேடும், இலங்கையிலிருந்து 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி திரும்பியவர்களிடம் பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கலாம். ஊர்ப் பெயரை எழுதியவர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். வாய்விட்டுப் படித்துப் பார்த்தால் ஊர் பிடிபடும். சாதிப் பத்தியை அப்படியே நம்ப வேண்டாம், ஏறுவதற்காக மாற்றிச் சொன்னவர்கள் உண்டு.

பட்டா நகலோடு போய் நிற்பது

வெளிநாட்டிலிருந்தோ சென்னையிலிருந்தோ பூர்வீகக் கிராமத்துக்குப் போகிறவர்கள், பங்காளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் பையிலிருந்து பட்டா நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுத்து விரிக்கிறார்கள். அத்தோடு பேச்சு நின்றுவிடும். 'சொத்துக் கேட்டு வந்திருக்காங்க' என்று மாலைக்குள் ஊர் முழுக்கப் பரவும். நில ஆவணங்களைத் தாலுகா அலுவலகத்திலும் சார்பதிவாளர் அலுவலகத்திலும் முன்பே பார்த்து முடித்துக்கொண்டு, ஊரில் குலதெய்வத்தைப் பற்றியும் யார் யாருக்கு என்ன முறை என்பதையும் மட்டும் கேளுங்கள். மொய் நோட்டைப் பார்க்கலாமா என்று கேட்டால் பெரியம்மா தானே எடுத்துக்கொண்டு வருவார். கூர்ச்சீட்டைப் பற்றி இரண்டாவது தடவை போகும்போது விசாரித்துக்கொள்ளலாம்.