இராமநாதபுரம் கடலோரத்தில் புதிதாகக் குடியேறுகிறீர்களா? வானிலையில் காற்றை முதலில் பாருங்கள்

சிங்கப்பூரிலோ கனடாவிலோ வளைகுடாவிலோ பல வருடம் இருந்துவிட்டு மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரைப் பக்கம் வீடு பார்த்து வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். காலையில் போனை எடுத்து, மேகப்படம் இருக்கிறதா, சூரியன் படம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தப் படம் பாதி நாள் வெறும் அலங்காரம்.

இங்கே முதலில் தெரிய வேண்டியது காற்று. வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கையில் மழைப் பகுதியோடு நிறுத்திவிடாமல் கீழே மீனவர்களுக்கான எச்சரிக்கைக்கு வாருங்கள். ‘மன்னார் வளைகுடா பகுதியில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும் சூறைக்காற்று’ என்று இருந்தால் துறைமுகத்தில் விசைப்படகுக்கு டோக்கன், அதாவது கடலுக்குப் போகும் அனுமதிச் சீட்டு, கிடைக்காது. மறுநாள் சந்தையில் மீன் விலை ஏறும். பாம்பன் பாலத்திலும் அப்படித்தான், 2022 வரை ரயில் ஓடிய பழைய பாலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவிடுவது வழக்கமாக இருந்தது. இத்தனைக்கும் அன்று வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கலாம்.

காற்றின் பெயர்களையும் பழகிக்கொள்ளுங்கள். வடக்கே இருந்து வருவது வாடை, கிழக்கே இருந்து வருவது கொண்டல். தெற்கு, தென்மேற்குப் பக்கக் காற்றைச் சோழகம் என்பார்கள், கச்சான் என்பார்கள். ஊருக்கு ஊர் திசை கொஞ்சம் மாறும், சண்டைக்குப் போகாதீர்கள். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் கொந்தளிக்கும். ஆனி, ஆடியில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், அப்போது வடகடல் குளம் போலக் கிடக்கும். ஒரே இராமேசுவரம் தீவில் இரண்டு கடல், இரண்டு குணம். ஒன்றைப் பெண் கடல், மற்றதை ஆண் கடல் என்று சொல்வதைக் கேட்பீர்கள்.

பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு 1 முதல் 11 வரை எண் உண்டு. ஒன்றும் இரண்டும் தொலைவில் இருக்கும் புயலுக்கானவை. 1 ஏற்றியதும் வெளிநாட்டுச் சொந்தங்கள் பதறிப் போன் போடுவார்கள், பதற வேண்டாம். 5 முதல் அபாயம், 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் எடுத்துக்கொண்டதைப் பார்த்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கூண்டு எண்ணைப் பற்றி யாரும் கேலி பேசமாட்டார்கள்.

இனி மழை. ‘ஓரிரு இடங்களில்’ என்றால் அந்தப் பகுதியில் மழை அளக்கும் இடங்களில் கால்வாசிக்கு மேல் பெய்யாது என்று பொருள். உங்கள் தெருவில் பெய்யவில்லை என்பதற்காக அறிக்கை பொய்யாகாது. கனமழை என்றால் ஒரு நாளில் சுமார் 7 முதல் 11 சென்டிமீட்டர், மிகக் கனமழை 12 முதல் 20, அதற்கு மேல் அதிகனமழை. கணக்கு காலை 8.30 முதல் மறுநாள் 8.30 வரை. நேற்றிரவு கொட்டியது இன்றைய கணக்கில் வருவது இதனால்தான்.

மாவட்டத்துக்கு ஆண்டு முழுக்கவே சுமார் 80 சென்டிமீட்டர்தான் மழை, அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இது புதிதாக இருக்கும், மாதம் தவறாமல் பெய்யும் ஊர் அது. இங்கே வந்தால் மொத்தமாக வரும். 2024 நவம்பர் 20 அன்று இராமேசுவரத்தில் ஒரே நாளில் 41 சென்டிமீட்டர், ஆண்டு மழையில் பாதி.

மேகம் பார்ப்பது கடினமில்லை. பஞ்சு உருண்டை போல அடி தட்டையாக மிதப்பவை திரள் மேகங்கள். சித்திரை, வைகாசியில் மதியம் பார்க்கலாம், பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அதுவே கோபுரமாக ஏறி, உச்சி பட்டறைக் கல் போலப் பரவினால் கார்த்திரள் மேகம்: இடி, மின்னல், திடீர்க் காற்று. மாடித் துணியை மட்டுமல்ல, நீங்களும் மாடியை விட்டு இறங்குங்கள். கோடையில் இது பரமக்குடிப் பக்கம், உள்நாட்டில் சாயங்காலம் எழும். வடகிழக்குப் பருவத்தில் கடல் பக்கமிருந்து வரும், பெரும்பாலும் நடுச்சாமத்திலும் விடியற்காலையிலும் கொட்டும். வானம் முழுக்கச் சாம்பல் பூசியதுபோல் மூடி, சூரியன் இருக்கும் இடமே தெரியாமல் நாள் பூராவும் பெய்தால் கார்ப்படை மேகம். மிக உயரத்தில் இழை இழையாகத் தெரிபவை கீற்று மேகங்கள், முழுக்கப் பனித்துகள். அவை தாமாக மழை தராது.

பனி என்ற சொல்லில் ஒரு சிக்கல். கனடாவிலிருந்து வந்த என் சித்தப்பா மகனிடம் பக்கத்து வீட்டு அக்கா ‘மார்கழியில பனி அதிகம் தம்பி, தலைய மூடிக்கோ’ என்றபோது அவன் அரை நிமிடம் முழித்தான். இங்கே பனி என்றால் விடியற்காலையில் வண்டி இருக்கையை நனைக்கும் ஈரம், அவ்வளவே. கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு மட்டும் அது பெரிய விஷயம்.

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் அந்த 41 சென்டிமீட்டர் ஏறத்தாழ 38 ஆயிரம் லிட்டர். வாடகைக்கு வீடு பேசும்போதே மாடித் தண்ணீர் வடியும் குழாயின் வாயை எட்டிப் பாருங்கள். புரட்டாசி முடிவதற்குள் அதில் அடைத்திருக்கும் வேப்பிலையை அள்ளிவிடுங்கள்.