மாநிறத்துக்கு மேக்கப்: ஷேட் எடுப்பதில் தொடங்கும் தவறுகள்

பாபநாசத்தை அடுத்த ஒரு கிராமத்துக்கு, விடியற்காலை முகூர்த்தம் என்பதால், மணப்பெண் ஒப்பனைக்காக முந்தின நாள் மாலையே போய்விட்டேன். மணப்பெண் தானே வாங்கி வைத்திருந்த ஃபவுண்டேஷனை நீட்டி, "அக்கா, எனக்கு இதையே போட்டுடுங்க" என்றாள். கடையின் டியூப்லைட் வெளிச்சத்தில் புறங்கையில் தடவிப் பார்த்து, தன் நிறத்தைவிட இரண்டு ஷேட் வெளுப்பாக எடுத்திருந்தாள். அதில் ஒரு கோட்டைத் தாடையோரம் இழுத்துவிட்டு, அவளைத் திண்ணைக்கு அழைத்துப்போய்க் கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். மாநிறக் கன்னத்தின்மேல் அந்தக் கோடு, நெற்றியில் காய்ந்த விபூதியைப் போலச் சாம்பல் பூத்திருந்தது.

நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான். வெளுப்பான ஷேடுகளில் டைட்டானியம் டைஆக்சைடு என்னும் வெள்ளை நிறமி மிகுதியாக இருக்கும். பழுப்புத் தோலின்மேல் அது மெல்லிய படலமாகப் படியும்போது முகம் வெளுப்பதில்லை, சாம்பலாகிறது. ஃபவுண்டேஷனின் வேலை தோலின் நிறத்தை ஒரே சீராக்குவது மட்டுமே.

இங்கே அண்டர்டோன் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள வேண்டும். சிவப்பு, மாநிறம், கறுப்பு என்று நாம் சொல்வது தோலின் மேல்நிறம். அதற்கு அடியில் தெரியும் சாயலே அண்டர்டோன். மஞ்சளும் பொன்னும் கலந்த சாயலை வார்ம் என்றும், இளஞ்சிவப்போ நீலமோ கலந்ததைக் கூல் என்றும், இரண்டுக்கும் நடுவே நிற்பதை நியூட்ரல் என்றும், பச்சை கலந்ததை ஆலிவ் என்றும் சொல்வார்கள். நம் ஊர்ப் பெண்கள் எல்லோரும் வார்ம்தான் என்று முடிவு கட்டுவதும் தவறு. நல்ல கறுப்பு நிறத்திலும் கூல் சாயல் உடையவர்கள் இருக்கிறார்கள். மணிக்கட்டு நரம்பின் நிறத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை, நரம்பே தெளிவாகத் தெரியாத தோலில் பயன்படாது. அடுத்தடுத்த மூன்று ஷேடுகளைத் தாடையிலிருந்து கழுத்துவரை கோடாக இழுத்து, பகல் வெளிச்சத்தில் கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், எந்தக் கோடு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறதோ அதுவே உங்களுக்கு உரியது. தோலின் எண்ணெய்ப்பசையோடு சேர்ந்து சில ஃபவுண்டேஷன்கள் சற்றுக் கருத்துவிடும் என்பதால்தான் காத்திருக்கச் சொல்கிறேன். நலங்கு வைத்த மறுநாள் ஷேட் பார்க்கவே கூடாது. மஞ்சளின் கறை ஓரிரு நாள் தோலில் தங்கி, இல்லாத சாயலைக் காட்டிவிடும்.

கருவளையத்தின்மேல், கறைகளை மறைக்கப் பூசும் கன்சீலரை வெளிர்நிறத்தில் எடுத்து நேரடியாகத் தடவினாலும் இதே சாம்பல் வரும். முதலில் கருமையை ஈடுகட்டும் நிறப்பூச்சான கரெக்டர் தேவை: மாநிறத்துக்குப் பீச், கருத்த நிறத்துக்கு ஆரஞ்சு. அந்த நிறம் கருவளையத்தின் நீலச் சாயலை அடக்கிய பிறகு, தோலின் நிறத்திலேயே உள்ள கன்சீலரை ஒரு துவரம்பருப்பு அளவுக்கு எடுத்து ஒற்றினால் போதும்.

காவிரிப் படுகையின் புழுக்கத்தில், மண்டபத்து ஹோமப் புகைக்கு முன்னால், வியர்க்க வியர்க்கக் காம்பாக்ட் பவுடரை மேலே மேலே அப்புவது இன்னொரு தவறு. டிஷ்யூவால் வியர்வையை ஒற்றி எடுத்த பின்பே பவுடர் போட வேண்டும். இல்லையென்றால் அது திட்டுத் திட்டாகக் கட்டிப்போகும். ஃபவுண்டேஷனுக்கு முன்னால் பூசும் பிரைமர் சிலிக்கோன் கலந்ததாகவும் ஃபவுண்டேஷன் நீர் கலந்ததாகவும் இருந்தால், இரண்டும் ஒட்டாமல் அழுக்குபோல் உருண்டு வரக்கூடும். எச்டி பவுடர் என்று விற்கப்படும் சிலிக்காப் பவுடர் கண்ணாடியில் தெரியாது; மிகுதியாகப் போட்டால் ஃபிளாஷ் பட்ட புகைப்படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரியும்.

ஃபவுண்டேஷனில் எஸ்பிஎஃப் (வெயிலிலிருந்து எவ்வளவு காப்பு என்று காட்டும் எண்) இருக்கிறது என்று சன்ஸ்கிரீனை விட்டுவிடுபவர்கள் பலர். ஒரு சதுர சென்டிமீட்டர் தோலுக்கு 2 மில்லிகிராம் வீதம் தடவிச் சோதித்த பிறகே அந்த எண் தரப்படுகிறது. அவ்வளவு ஃபவுண்டேஷனை யாரும் பூசுவதில்லை. மேலும், எஸ்பிஎஃப் முக்கியமாக, வெயிலின் புற ஊதாக் கதிர்களில் யுவிபி என்ற வகையிலிருந்து கிடைக்கும் காப்பையே குறிக்கும். யுவிஏ என்ற இன்னொரு வகைக் கதிருக்கு எவ்வளவு காப்பு என்பதைப் பிஏ என்ற எழுத்துகளும் அவற்றின் பக்கத்திலுள்ள கூட்டல் குறிகளும் சொல்லும். மங்கு (முகத்தில் படரும் பழுப்புத் திட்டு) உள்ளவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் ஒளியே கேடு செய்யும் என்பதால், அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் நல்லது.

ஸ்டிக்கர் பொட்டு வைத்த இடம் அரித்தாலோ வெளுத்தாலோ அதை உடனே நிறுத்துங்கள். சில பசைகளில் உள்ள ரசாயனம் தோலின் நிறமிச் செல்களையே அழித்துவிடும்.

என்னை மிகவும் கவலைப்பட வைப்பது மருந்துக்கடையில் வாங்கும் "வெள்ளையாக்கும் கிரீம்". டியூபின் பின்புறம் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு, அதாவது தோல் நோய்க்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து. அழகுசாதனப் பொருள் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. முதல் சில வாரங்களில் முகம் பளிச்சென்று தெரியும், அந்த ஆசையில் மாதக்கணக்கில் தடவுவார்கள், பிறகு தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் சிவந்து தெரிந்து, பருவும் முடியும் வளரத் தொடங்கும். ஸ்டீராய்டு கிரீம்கள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018இல் விதியை இறுக்கியது. இருந்தும் அக்கம்பக்கத்தார் சொன்னார்கள் என்று வாங்கிப் பூசியவர்கள் என்னிடம் வருகிறார்கள். அந்த முகத்தின்மேல் நான் மேக்கப் போடுவதில்லை. திடீரென்று நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் கூடும் என்பதால், டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவிலோ அருகிலுள்ள தோல் மருத்துவரிடமோ காட்டிவிட்டு வரும்படி சொல்லி அனுப்புகிறேன்.