குரோஷா வளையக் கம்மல்: கோட்டை விடும் இடங்கள்

கொக்கி முனை ஊசியால் நூல் பின்னும் குரோஷாவில் செயின், சிங்கிள் குரோஷா என்ற இரண்டு அடிப்படைக் கண்ணிகள் போடத் தெரிந்தால் போதும், ஒரு மாலையில் ஒரு ஜோடி வளையக் கம்மல் பின்னிவிடலாம். ஆனாலும் பலருடைய முதல் ஜோடி காதுக்குப் போகாமல் டப்பாவுக்குள்ளேயே தங்கிவிடுகிறது. ஒன்று அலையலையாகச் சுருண்டிருக்கும், அல்லது இரண்டும் வேறு வேறு அளவாக இருக்கும், அல்லது பூட்டவே முடியாது. பின்னல் சரியாக வராததால் இப்படி ஆவது குறைவு. நூலையே பார்த்துக்கொண்டு, அது ஏறும் உலோக வளையத்தை மறந்துவிடுவதுதான் பெரும்பாலும் காரணம்.

ஃபேன்சி ஸ்டோரில் ஹூப் என்று கிடைக்கும் மெல்லிய வளையத்தில் ஒரு முனை ஊசி போன்ற கம்பி, மறுமுனை குழாய். கம்பி குழாய்க்குள் நுழைந்து பூட்டிக்கொள்ளும். முனைவரை பின்னிக்கொண்டே போனால் பூட்ட இடமே இருக்காது. கம்பிப் பக்கம் ஒரு செ.மீ. அளவாவது வெறுமையாக விடுங்கள். காதுத் துளைக்குள் நூல் போகவே கூடாது. வியர்வையையும் எண்ணெயையும் உறிஞ்சி அங்கேயே வைத்திருக்கும். பழைய வளையலில் பின்னலாமே என்று சிலருக்குத் தோன்றும். 2.4 அளவு வளையலின் உள்விட்டமே சுமார் 57 மி.மீ. அதன் மேல் இரண்டு வரிசை ஏறினால் காது தொங்கிவிடும். 30 முதல் 40 மி.மீ. வளையம் போதுமானது.

நூலில் நடக்கும் தவறு எளிது. வீட்டில் இருக்கும் உல்லனையே எடுத்துவிடுகிறோம். அது தடிமனாகி, நாளடைவில் பிசிறி, சாவிக்கொத்து மாதிரி ஆகிவிடும். பட்டு நூல் கம்மலுக்கு வாங்கும் நூலும் இதற்கு ஒத்துவராது. முறுக்கு குறைவு என்பதால் ஊசி முனையில் இழை இழையாகப் பிரியும். நல்ல முறுக்கும் பளபளப்பும் உள்ள மெர்சரைஸ்டு காட்டன், 10 அல்லது 20 எண் வாங்குங்கள். எண் கூடக்கூட நூல் மெலியும். 10 எண்ணுக்கு 1.5 மி.மீ. ஸ்டீல் குரோஷா ஊசி சரியாக இருக்கும்.

அடுத்தது கணக்கு. எண்ணாமல் பின்னுவதுதான் என் பார்வையில் எல்லாவற்றிலும் பெரிய தவறு. 40 மி.மீ. வளையத்தின் சுற்றளவு சுமார் 12.5 செ.மீ. வளையத்தின் மேல் ஒரு செ.மீ. பின்னி எண்ணிப் பாருங்கள். ஆறு கண்ணி வந்தால் முழுச் சுற்றுக்கு 75. பூட்டுக்கு விட்ட இடம் போக 69. குறைத்தால் இடையில் உலோகம் பல்லிளிக்கும், கூட்டினால் ஓரம் நெளியும். வந்த எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு இரண்டாவது கம்மலுக்கும் அதையே போடுங்கள்.

இரண்டாவது வரிசையில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சிங்கிளைவிட உயரமான டபுள் குரோஷாவில் வரிசை 6 மி.மீ. உயர்ந்தால் விட்டம் 40இலிருந்து 52 ஆகிவிடும், அதாவது சுற்றளவில் 30 சதவீதம் கூடுதல். அதே 69 கண்ணியோடு போனால் பின்னல் கிண்ணம்போல் உள்ளே மடங்கும். மூன்று நான்கு கண்ணிக்கு ஒன்று கூட்டினால் தட்டையாக நிற்கும். வளையத்துக்கு உள்ளே பின்னுவதென்றால் நேர்மாறு, குறைத்துக்கொண்டே போக வேண்டும். அப்புறம், வீடியோ பார்த்துப் பின்னுகிறவர்கள் அது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பது அமெரிக்கர்களின் சிங்கிள், உயரமே மாறிவிடும்.

யாரும் சொல்லித்தராத ஒன்று உண்டு. பூட்டு இரண்டு காதிலும் பின்பக்கமே மறைய வேண்டுமென்றால், வலது கம்மல் இடது கம்மலின் கண்ணாடிப் பிம்பமாக இருக்க வேண்டும். இரண்டையும் குழாய் முனையிலிருந்தே தொடங்கினால், ஒரு காதில் பின்னலின் நல்ல பக்கமும் மறு காதில் பின்பக்கமும் முன்னால் தெரியும். ஒன்றைக் குழாய் முனையிலும் மற்றதைக் கம்பி முனையிலும் தொடங்குங்கள். கொக்கியில் தொங்கவிடும் மூடிய வளையத்துக்கு இந்தத் தொல்லை இல்லை.

விறைப்புக்குச் சர்க்கரைப் பாகு ஒரு பழைய வழி. நம் ஊரில் அதைச் செய்தால் எறும்புக்குத்தான் விருந்து. ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் கலந்து மெல்லத் தடவுங்கள். கெட்டியாகப் பூசினால் காய்ந்ததும் பிளாஸ்டிக் மாதிரி மினுங்கும். தெர்மாகோல் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்து, துருப்பிடிக்காத குண்டூசியால் குத்திக் காயவிடுங்கள். சாதாரண குண்டூசி ஈரத்தில் துருவேறிக் கறை வைக்கும். மெரூன், சிவப்பு நூலை வெள்ளையோடு சேர்க்கும் முன் ஈரத் துணியில் தேய்த்துப் பார்ப்பதும் நல்லது.

நூல் முனையை முடிச்சு போட்டு ஒட்ட வெட்டினால் நாலு நாளில் அவிழும். பத்து செ.மீ. விட்டு, தையல் ஊசியில் கோத்து, கண்ணிகளுக்கு அடியில் ஒரு திசையில் போய்த் திரும்பி வந்து வெட்டுங்கள். நைலான் நூலை நெருப்பில் காட்டி உருக்கலாம், காட்டன் கருகிவிடும்.

காதுக் கொக்கி மாட்டும் ஜம்ப் ரிங் என்ற சிறு கம்பி வளையத்தை இரு பக்கமும் இழுத்து விரித்தால் வட்டம் கெட்டு இடைவெளி விழும், நூல் அதன் வழியே நழுவும். இரண்டு குறடால் ஒரு முனையை முன்னும் மறு முனையைப் பின்னும் திருகித் திறந்து, அதே வழியில் மூடுங்கள். தொங்கும்போது கம்மல் முகம் காட்டாமல் பக்கவாட்டில் திரும்பி நின்றால் இன்னொரு ஜம்ப் ரிங் சேர்த்தால் போதும், கால் வட்டம் திரும்பிவிடும்.