தலையில் அடிபட்டு, ஆறுவதற்குள் திடலில் இறங்கியவர்கள் செய்யும் தவறுகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணங்களில் ஞாயிறு மாலைப் பந்தாட்டத்தில் இரண்டு தலை மோதிக்கொண்டால், முகத்தில் தண்ணீர் அடித்து, நெற்றியில் தைலம் தேய்த்து மறுபடியும் இறக்கிவிடுகிறார்கள். “மயக்கம் போடலையே” என்பதுதான் காரணம். கன்கஷன் என்ற மூளை அதிர்ச்சி வந்தவர்களில் பெரும்பாலோர் மயங்குவதே இல்லை. தலை கனக்கும், வெளிச்சம் கூசும், பேச்சு மந்தமாகும். அவ்வளவுதான் தெரியும்.

அடிபட்ட மூளைக்குச் சக்தி அதிகம் தேவைப்படும் நேரத்தில் அதற்கு வரும் ரத்த ஓட்டம் குறைந்திருக்கிறது. அப்போது லேசான இரண்டாவது அடியும் பாதிப்பை நீட்டிக்கும். அரிதாக, இளவயதினருக்கு மூளை வீங்கி உயிரே போகலாம்.

அவசரப்பட்டு ஆடி, தலைவலி திரும்பிவிட்டதா? அதை மறைக்க பனடோல் (பாராசிட்டமால் மாத்திரை) போட்டு ஆடுவதுதான் மிக மோசமான தவறு. வலிக்கு பனடோல் எடுக்கலாம். ஆனால் குணமானதா என்பதை மாத்திரை இல்லாத நாளில்தான் பார்க்க வேண்டும். ஐபுபுரோஃபன், ஆஸ்பிரின் ஆகியவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும். முதல் சில நாள்களில் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு: பிள்ளையை வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பது. 24 முதல் 48 மணி நேரம் ஓய்வு, கைப்பேசியைக் குறைப்பது, பிறகு மெதுவான நடை. இதுதான் சீக்கிரம் குணமாக்கும்.

கிளினிக்கில் கொடுத்த 2 நாள் எம்சி (மருத்துவ விடுப்பு) முடிந்ததும் ஆடலாம் என்று நினைக்காதீர்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் ரத்தக்கசிவு இல்லை என்றுதான் பொருள். கன்கஷன் ஸ்கேனில் தெரியாது.

விளையாட்டில் வரும் கன்கஷன் பற்றி 2022இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்த மாநாட்டின் வழிமுறையில், திடலுக்குத் திரும்ப ஆறு படிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 24 மணி நேரம்: அன்றாட வேலைகள், லேசான ஓட்டம் அல்லது சைக்கிள், தனியாகப் பயிற்சி, மோதலில்லாத குழுப் பயிற்சி, முழுப் பயிற்சி, ஆட்டம். இரண்டாம் படியில் நாடித்துடிப்பைக் கவனியுங்கள். 220இலிருந்து வயதைக் கழித்து, முதலில் அதில் 55 விழுக்காட்டையும், பிறகு 70 விழுக்காட்டையும் துடிப்பு தாண்டக் கூடாது. 18 வயதுக்காரருக்கு 111, பிறகு 141. தலைவலிக்குப் பத்துக்கு இத்தனை என்று புள்ளி போட்டுப் பாருங்கள்; 2 புள்ளிக்கு மேல் கூடினால் அன்று நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். நான்காம் படிக்கு முன் அறிகுறிகள் முழுவதும் போயிருக்க வேண்டும், டாக்டரும் சம்மதிக்க வேண்டும். அதன்பின் தலைவலி வந்தால் மூன்றாம் படிக்கே திரும்புங்கள்.

வேலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டுபவர் வெயிலில் அண்ணாந்து பார்த்தபடியே நிற்கிறார். தலைச்சுற்றல் இருக்கும்போது அதுவும், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதும் ஆபத்து. மாணவர்கள் முழுநாள் பள்ளியைத் தாங்கிய பிறகே முழு ஆட்டம்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் பலவீனம், எழுப்ப முடியாத தூக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் உடனே 999 அவசர எண்ணை அழையுங்கள். நான்கு வாரமாகியும் தலைச்சுற்றலோ கழுத்து வலியோ போகவில்லை என்றால், அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிப் பெரிய மருத்துவமனையில் பிசியோதெரபி கேளுங்கள். கழுத்துக்கும் உடல் சமநிலைக்கும் தனிப் பயிற்சிகள் உண்டு.