பத்து டாலர் நோட்டில் இருப்பவர் அதிபர் அல்ல

அமெரிக்காவுக்கு வந்து இறங்கியதும் எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் சொல்வார்கள். சோஷியல் செக்யூரிட்டி நம்பர், பேங்க் அக்கவுண்ட், டிரைவிங் லைசன்ஸ், கறிவேப்பிலை கிடைக்கும் கடை. சரித்திரம் படிக்கச் சொல்லி யாரும் சொல்வதில்லை. "அதெல்லாம் சிட்டிசன்ஷிப் வரும்போது பார்த்துக்கலாம்" என்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலைவழி கிரீன் கார்டு வரிசை நகரும் வேகம் உங்களுக்கே தெரியும். அதுவரை இந்த ஊர் எப்படி உருவானது என்று தெரியாமலே வரி கட்டி, லீவு எடுத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிக்கொண்டு இருக்கப்போகிறோமா என்ன?

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. கூகுள் பார்க்காமல் சொல்லுங்கள்.

பத்து டாலர் நோட்டிலும் நூறு டாலர் நோட்டிலும் இருப்பவர்கள் எத்தனையாவது அதிபர்கள்? உங்கள் சம்பளச் சீட்டில் பிடிக்கும் மூன்று பிடித்தங்களும் எந்தெந்த ஆண்டு வந்தவை? மெமோரியல் டேக்கும் வெட்டரன்ஸ் டேக்கும் என்ன வித்தியாசம்? யார்க்டவுனில் ஜார்ஜ் வாஷிங்டனிடம் தோற்ற ஆங்கிலேயத் தளபதி அதற்குப் பிறகு எங்கே போனார்?

முதல் கேள்வி ஒரு கண்ணி. ஹாமில்டனும் அதிபர் இல்லை, ஃபிராங்க்ளினும் அதிபர் இல்லை. ஹாமில்டன் முதல் நிதியமைச்சர். ஆளுக்கொரு பக்கம் கடன் வைத்திருந்த மாநிலங்களின் சுதந்திரப் போர்க் கடனை மத்திய அரசே ஏற்கட்டும் என்று சண்டை போட்டு நிறைவேற்றியவர். நிதியமைச்சரை நோட்டில் போடும் ஊர் என்பதே ஒரு பாடம்தான்.

இரண்டாவது கேள்விக்கு உங்கள் முதல் சம்பளச் சீட்டை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். என் முதல் சீட்டைப் பார்த்து, பேசிய சம்பளம் இது இல்லையே என்று எச்ஆரிடம் போய் நின்றவன் நான். அந்தம்மா சிரித்துக்கொண்டே ஒவ்வொரு வரியாக விளக்கினார். அதில் இந்த நாட்டின் பொருளாதாரச் சரித்திரமே இருக்கிறது. 'ஃபெடரல் இன்கம் டாக்ஸ்' என்ற வரி 1913-ல் வந்த 16-வது திருத்தத்தால் வந்தது. உள்நாட்டுப் போர்க் காலத்தில் வந்துபோன வருமான வரியை 1894-ல் மறுபடி கொண்டுவந்தபோது உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதனால்தான் அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. அடுத்த வரி சோஷியல் செக்யூரிட்டி, 6.2 சதவீதம். இது 1935, ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலம். அதற்கடுத்த மெடிகேர், அதாவது முதியோர் மருத்துவக் காப்பீடு, 1.45 சதவீதம், 1965, லிண்டன் ஜான்சன்.

1929-ல் பங்குச் சந்தை விழுந்து, வங்கிகள் வரிசையாகத் திவாலாகி, போட்ட பணத்தை எடுக்க ஜனங்கள் தெருவில் நின்ற காலம் ஒன்று இருந்தது. 1933 மார்ச்சில் பதவியேற்ற கையோடு ரூஸ்வெல்ட் நாட்டிலுள்ள எல்லா வங்கிகளையும் சில நாள் இழுத்து மூடச் சொன்னார். உங்கள் பேங்க் கவுண்டரில் 'எஃப்டிஐசி' என்று சின்னதாக ஒரு பலகை இருக்கும், பாருங்கள். வங்கி மூழ்கினாலும் போட்ட பணம் திரும்பக் கிடைக்க அந்த ஆண்டு பிறந்த ஏற்பாடுதான் அது. இன்றைக்கு ஒரு வங்கியில் ஒருவர் பெயரில் 2,50,000 டாலர் வரை காப்பீடு. சோஷியல் செக்யூரிட்டியில் இன்னொரு விஷயம்: ஓய்வூதியம் கிடைக்க 40 கிரெடிட் சேர வேண்டும், அதாவது சுமார் பத்து வருஷ வேலை. எட்டு வருஷத்தில் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மெமோரியல் டே விஷயத்தில் நான் பட்டது போதும், நீங்கள் படவேண்டாம். மே மாதக் கடைசித் திங்கள், லாங் வீக்கெண்ட், எல்லாக் கடையிலும் சேல். பக்கத்து வீட்டுப் பெரியவர் வாசலில் கொடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். காரில் ஏறப்போன நான் உற்சாகமாக "ஹேப்பி மெமோரியல் டே" என்றேன். அவர் தலையசைத்தார். "என் அண்ணன் வியட்நாமிலிருந்து திரும்பி வரவில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கொடிக்கயிற்றைக் கட்டப் போய்விட்டார். போரில் இறந்தவர்களுக்கான நாள் அது. உள்நாட்டுப் போரில் மாண்டவர்களின் கல்லறைகளுக்குப் பூ வைக்கும் வழக்கத்திலிருந்து வந்தது. நவம்பர் 11-ல் வரும் வெட்டரன்ஸ் டே வேறு. 1918-ல் முதல் உலகப் போர் ஓய்ந்த நாள் அது, இன்று படையில் பணியாற்றிய எல்லாருக்குமானது. அன்றைக்கு நன்றி சொல்லலாம். மே மாதத்தில் வாழ்த்துச் சொல்லாதீர்கள்.

படை என்றதும் இன்னொன்று. வியட்நாம் போரோடு கட்டாய ராணுவச் சேவை 1973-ல் நின்றது. ஆனால் பெயர்ப் பதிவு 1975-ல் நின்று, 1980-ல் திரும்ப வந்துவிட்டது. 18 முதல் 25 வயது வரை உள்ள ஆண்கள் 'செலக்டிவ் சர்வீஸ்' பட்டியலில் இருக்க வேண்டும் என்பது சட்டம், கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் சேர்த்து. எச்-4 போன்ற தற்காலிக விசாவில் முறையாக இருக்கும் பையன்களுக்குத் தேவையில்லை. கிரீன் கார்டு கைக்கு வந்த வீட்டில் அந்த வயதுப் பையன் இருந்தால் அவன் பெயர் பதிவாகிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். பிறகு சிட்டிசன்ஷிப் இன்டர்வியூவில் இந்தக் கேள்வி வந்து நிற்கும்.

அதேபோல டிஎம்வி, லைசன்ஸ் கொடுக்கும் ஆபீஸ். லைசன்ஸ் எடுக்கும்போது "வாக்காளராகப் பதிகிறீர்களா?" என்று கேட்பார்கள். இப்படிக் கேட்க வேண்டும் என்று 1993-ல் ஒரு சட்டம் போட்டார்கள். உள்ளூர்க்காரர்களின் வசதிக்கு வந்த சட்டம், நமக்கு வைத்த பள்ளம். குடியுரிமை இல்லாதவர் தெரியாத்தனமாக 'யெஸ்' டிக் அடித்தால் பின்னால் கிரீன் கார்டு, சிட்டிசன்ஷிப் எல்லாவற்றிலும் சிக்கல். கையெழுத்துப் போடுமுன் ஃபாரத்தை முழுக்கப் படியுங்கள்.

நாம் ஏன் இங்கே நிற்கிறோம் என்பதற்கும் சரித்திரம் இருக்கிறது. பகத் சிங் திந்த் என்று ஒருவர். பஞ்சாபிலிருந்து வந்தவர், முதல் உலகப் போரில் தலைப்பாகையோடு அமெரிக்கப் படையில் சேர்ந்தவர். அந்தக் காலச் சட்டப்படி வெள்ளையர்களும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் மட்டுமே விண்ணப்பித்துக் குடியுரிமை வாங்க முடியும். திந்துக்குக் குடியுரிமை கொடுத்தார்கள், பறித்தார்கள், மறுபடி கொடுத்தார்கள். 1923-ல் உச்ச நீதிமன்றம், சாமானியர் பார்வையில் இவர் வெள்ளையர் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. அதைக் காட்டி ஏற்கெனவே குடியுரிமை பெற்றிருந்த இந்தியர்கள் பலரிடமிருந்தும் பறித்தார்கள். முதல் உலகப் போரில் பணியாற்றியவர்களுக்கென்று 1935-ல் வந்த சட்டத்தால், மறு ஆண்டு திந்துக்குக் கடைசியாகக் கிடைத்தது. மற்ற இந்தியர்களுக்குக் கதவு திறக்க 1946 ஆனது, அதுவும் புதிதாக வந்து குடியேற ஆண்டுக்கு 100 பேர். நூறே பேர்!

நிஜமாகத் திறந்தது 1965-ல். கறுப்பின மக்கள் அடிவாங்கி, சிறைக்குப் போய், 1964-ல் சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965-ல் வாக்குரிமைச் சட்டத்தையும் வாங்கினார்கள். பிறந்த நாட்டை வைத்து ஆளைத் தரம் பிரிப்பது தவறு என்ற அந்தக் காற்றில்தான் பழைய குடியேற்ற ஒதுக்கீட்டு முறையும் விழுந்தது. 1965 அக்டோபர் 3 அன்று சுதந்திர தேவி சிலை அடியில் வைத்துப் புதிய குடியேற்றச் சட்டத்தில் ஜான்சன் கையெழுத்திட்டார். ஜனவரியில் மார்ட்டின் லூதர் கிங் நாளுக்கு லீவு கிடைக்கிறது என்பதோடு நிறுத்திக்கொள்ளும் நம் ஆட்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். நம் விசாவில் அவர்கள் பட்ட அடியும் இருக்கிறது. எச்-1பி வேலை விசா இன்றைய வடிவத்துக்கு வந்தது 1990 சட்டத்தில். கிரீன் கார்டு ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்ற உச்சவரம்பும் அதே சட்டத்தில்தான். நம்மை உள்ளே விட்டதும், உள்ளே விட்டு வரிசையில் நிற்க வைத்ததும் அந்த ஒரே சட்டம்.

இனி பரீட்சை. கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் ஆனதும் குடியுரிமைக்கான என்-400 விண்ணப்பம் போடலாம் (அமெரிக்கரை மணந்து சேர்ந்து வாழ்பவர்களுக்கு மூன்று வருஷம்). 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பிப்பவர்களுக்குப் புதிய சிவிக்ஸ் (அரசு, சரித்திரம்) தேர்வு: 128 கேள்விகளிலிருந்து 20 வரை கேட்பார்கள், 12 சரியாக இருக்க வேண்டும். 12 வந்தவுடன் நிறுத்திவிடுவார்கள். 9 தப்பானாலும் நிறுத்திவிடுவார்கள், அது வேறு காரணத்துக்காக. முன்பு 100-லிருந்து 10 கேட்பார்கள், 6 போதும். எல்லாம் வாய்மொழி. நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார்கள் என்று நினைத்துப் போனவர்கள் திணறுவார்கள். கேள்விகளும் பதில்களும் குடியேற்றத் துறையான யுஎஸ்சிஐஎஸ் தளத்திலேயே இலவசமாக இருக்கின்றன, காசு கொடுத்து ஆப் வாங்காதீர்கள். கவர்னர், செனட்டர், சபாநாயகர் பெயர்களை மட்டும் இன்டர்வியூவுக்கு முந்தைய நாள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தேர்தல் நமக்காகக் காத்திருக்காது. தவறினால் 60 முதல் 90 நாளுக்குள் இன்னொரு வாய்ப்பு உண்டு.

அப்பா அம்மாவுக்காகப் படிப்பவர்கள் இதைக் கவனியுங்கள். "65 வயசாச்சு, தமிழ்லயே சொல்லிடலாம்" என்று பலர் நம்புகிறார்கள். வயது மட்டும் போதாது. 50 வயதும் கிரீன் கார்டோடு 20 வருஷமும், அல்லது 55 வயதும் 15 வருஷமும் இருந்தால்தான் ஆங்கிலத் தேர்விலிருந்து விலக்கு. மொழிபெயர்ப்பாளரோடு தமிழில் பதில் சொல்லலாம். 65 வயதும் 20 வருஷமும் ஆனவர்களுக்குச் சிவிக்ஸிலும் சலுகை: 20 கேள்வி மட்டும் படித்தால் போதும், 10 கேட்பார்கள், 6 சரியாக வேண்டும். என் அம்மாவுக்கு வயது 67, கிரீன் கார்டுக்கு வயது 5. ஆங்கிலத்தில்தான்.

அம்மா திண்டுக்கல். ஏழு மாதம், தினமும் சாயங்காலம் கீரை ஆய்ந்துகொண்டே படித்தார். தேதிகள் நிற்கவில்லை. அப்போதுதான் நான்காவது கேள்வியின் ஆளைப் பிடித்தேன். 1781-ல் யார்க்டவுனில் சரணடைந்த கார்ன்வாலிஸ், உடம்பு சரியில்லை என்று சொல்லி வாளை ஒப்படைக்கத் துணைத் தளபதியை அனுப்பியவர். அதே ஆள் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்தார். 1792-ல் திப்புவைத் தோற்கடித்து, அவர் மகன்கள் இருவரைப் பிணையாகப் பிடித்து, பாதி ராஜ்ஜியத்தை வாங்கிக்கொண்டார். கும்பெனிக்குப் போன பகுதிகளில் சேலம், கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாரமகாலும் உண்டு, திண்டுக்கல்லும் உண்டு. "இங்க தோத்தவனா வந்து நம்ம மலைக்கோட்டையைப் பிடிச்சான்?" என்று அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டார். அதோடு விடவில்லை நான். மைசூர்ப் படையின் ராக்கெட்டுகளைப் பார்த்து ஆங்கிலேயர் செய்துகொண்ட ராக்கெட்டுகள்தான் 1814-ல் பால்டிமோர் கோட்டைமேல் பாய்ந்தன. அந்த இரவைப் பார்த்து எழுதிய பாட்டு பிற்பாடு அமெரிக்க தேசிய கீதமானது. அதிலே வரும் சிவந்த ராக்கெட் வெளிச்சம் நம்ம பக்கத்துச் சரக்கு என்றேன். 1776, 1781, 1812 போர் எல்லாம் அன்றைக்கே அம்மாவுக்கு மனப்பாடம்.

இன்டர்வியூவில் பலர் தடுமாறுவது சரித்திரத்தில் இல்லை, ஃபாரத்தில் உள்ள கேள்விகளில். "சட்டம் கேட்டால் ஆயுதம் ஏந்துவீர்களா?" என்று ஆபீசர் கேட்பார். வீட்டில் ஒத்திகை பார்த்தபோது, "இந்த வயசுல என்னைத் துப்பாக்கி தூக்கச் சொல்றாங்களாடா?" என்று அம்மா மிரண்டார். உறுதிமொழியில் வரும் வரி அது. மத நம்பிக்கையோ மனசாட்சியோ தடுத்தால் விலக்குக் கேட்கவும் வழி உண்டு. புரியாத வார்த்தைக்குத் தலையாட்டாமல், திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை.

அம்மா கொடுத்தது பழைய தேர்வு. முதல் ஆறு கேள்வியும் சரி, அதோடு நிறுத்திவிட்டார்கள். வெளியே வந்தவர் முகத்தில் சந்தோஷமே இல்லை. "நூறு கேள்வி படிச்சேன், ஆறுதான் கேட்டான். நெப்போலியன் கிட்ட லூசியானா வாங்கினது, 27 திருத்தம், ஒண்ணுமே கேக்கல." பார்க்கிங்கில் கார் கதவைத் திறக்கும்போது என் பக்கம் திரும்பினார். "சரி, நீ சொல்லு. பிரதிநிதிகள் சபையில எத்தனை பேர்?"

நான் 538 என்றேன்.

"435" என்றார் அம்மா, சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே.