ஐரிஷ் குடும்பப்பெயரின் வேரைத் தேடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூர், பரங்கிமலை, போத்தனூர் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் சிலவற்றில் மர்ஃபி, கெல்லி, பிரென்னன், ஓ'பிரையன் என்ற பெயர்களைக் கேட்கலாம். அவற்றில் பல, கம்பெனிப் படையிலும் பிறகு ராணியின் படையிலும் சேர்ந்து மெட்ராஸுக்கு வந்த ஐரிஷ் சிப்பாய்கள் விட்டுச்சென்ற பெயர்கள். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் என்ற பழைய படைப்பிரிவுதான் 1881ல் ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. இப்படிப்பட்ட குடும்பங்களுக்கு வேர் தேடிக் கொடுப்பதில் உதவி வருகிறேன். புதிதாக வருபவர்கள், ஆரம்பத்தில் நான் செய்த அதே தவறுகளில்தான் போய் விழுகிறார்கள். எழுத்துப் பிழை, தேதி மாற்றம் போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே விட்டுவிடுகிறேன். அவை போகப் போகத் தானாகத் தெரிந்துவிடும்.

பெயரின் வரலாற்றையே குடும்பத்தின் வரலாறு என்று எடுத்துக்கொள்வது

இதைப் பார்க்கும்போதெல்லாம் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருகிறது. காசும் போகிறது, வருடங்களும் போகின்றன.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் என்னைத் தேடி வந்தார். குடும்பப்பெயர் பிரென்னன். கையில் கண்ணாடிச் சட்டம் போட்ட கேடயச் சின்னம் ஒன்று. "எங்க குடும்பம் கில்கென்னி சார், அந்தக் காலத்துத் தலைவர்கள் வம்சம்" என்றார். சின்னத்தை விற்ற கடை கூடவே ஒரு பக்க வரலாறும் கொடுத்திருந்தது. அதை நம்பி அவர் மனைவியோடு அயர்லாந்து வரை போய், கில்கென்னி மாவட்டத்தில் காசில்கோமர் பகுதியெல்லாம் சுற்றிவிட்டு வந்திருந்தார். முன்னோரின் பெயர் இருக்கும் ஒரு தாளைக்கூட அதுவரை அவர் பார்த்ததில்லை.

பிறகு படையில் ஆள் சேர்த்த பதிவேட்டின் நகல் கிடைத்தது. சிப்பாயின் பெயர், வயது, செய்த தொழில், அடுத்து பிறந்த பங்கும் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட வட்டாரம்) மாவட்டமும். அங்கே ராஸ்காமன் என்று இருந்தது. கில்கென்னி பிரென்னன்கள் 'ஓ ப்ரீனான்' வழி வந்தவர்கள். ராஸ்காமனில் இருந்ததோ 'மாக் ப்ரனான்' என்ற வேறு குலம். இரண்டு குலங்களுக்கும் உறவு கிடையாது. ஆங்கிலத்தில் எழுதியபோது இரண்டும் பிரென்னன் ஆகிவிட்டன, அவ்வளவுதான். அந்தப் பெரியவரின் முகம் வாடியதைப் பார்த்தபோது, அந்த ஒரு பக்க வரலாற்றை விற்றவர்கள் மேல்தான் கோபம் வந்தது.

பிரென்னன் மட்டும் இப்படி இல்லை. 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஆங்கில ஆட்சி பரவியபோது ஐரிஷ் பெயர்களைக் காதில் விழுந்தபடி எழுதினார்கள், சிலவற்றை மொழிபெயர்த்தும் விட்டார்கள். கேவன் மாவட்டத்து 'மாக் கவன்' குடும்பங்கள் பல ஸ்மித் ஆயின. பக்கத்து ஊர் ஸ்மித் இங்கிலாந்திலிருந்து குடியேறியவராக இருக்கலாம். மர்ஃபியை எடுத்துக்கொண்டால் வெக்ஸ்ஃபோர்டில் ஒரு குலம், கார்க்கில் ஒன்று, வடக்கே அர்மா, டைரோன் பக்கம் இன்னொன்று. 1890ஆம் ஆண்டின் பிறப்புப் பதிவுகளை வைத்து ராபர்ட் மேத்சன் என்ற அதிகாரி கணக்கெடுத்தபோது முதலிடம் மர்ஃபிக்கு, அடுத்த இடம் கெல்லிக்கு. இவ்வளவு பேரும் ஒரே ஆளின் பிள்ளைகளாக இருக்க முடியுமா?

கேடயச் சின்னத்துக்கு வருவோம். அது ஒரு தனி மனிதருக்கும் அவர் சந்ததிக்கும் வழங்கப்படுவது. அயர்லாந்தில் அதற்கென்று 1552லேயே ஓர் அதிகாரியை நியமித்தார்கள். இன்று அந்த வேலை டப்ளினில் உள்ள தலைமை ஹெரால்டுடையது. ஒரே பெயர் என்பதற்காக எல்லோருக்கும் சின்னம் கிடைத்துவிடாது.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆனி மூர் கதை போதும். 1892 ஜனவரி 1ஆம் தேதி நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடியேற்ற நிலையம் திறந்தபோது முதலில் பதிவானவர், கார்க்கிலிருந்து வந்த இந்தப் பெண். அவர் டெக்சாஸுக்குப் போய், அங்கே டிராம் மோதி இறந்தார் என்று பல ஆண்டுகள் எல்லோரும் நம்பினார்கள். 2006ல்தான் உண்மை தெரிந்தது. டெக்சாஸ் ஆனி மூர் இல்லினாய்ஸில் பிறந்த அமெரிக்கர். நிஜ ஆனி நியூயார்க்கை விட்டே போகவில்லை, அங்கேயே கல்யாணம் செய்து அங்கேயே இறந்தார்.

அதனால் உங்களிடமிருந்து தொடங்கி ஒவ்வொரு தலைமுறையாகப் பின்னோக்கிப் போங்கள். பிறப்பு, திருமணம், இறப்பு, ஞானஸ்நானம் என்று ஏதாவது ஒரு தாள் ஒவ்வொரு கண்ணிக்கும் இருக்க வேண்டும். ஊர் தெரிந்த பிறகுதான் குலத்தைப் பற்றிப் பேச்சு.

மாவட்டம் தெரிந்தால் போதும் என்று நிறுத்திவிடுவது

போதாது. டவுன்லேண்ட் என்ற சிறு நிலப்பிரிவு வரை போக வேண்டும். அயர்லாந்தில் அவை 60,000க்கு மேல் இருக்கின்றன, ஒரே பெயரில் பல. பங்கின் பெயரையும் சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

'ஓ' இல்லையென்றால் வேறு குடும்பம் என்று ஒதுக்குவது

சல்லிவனும் ஓ'சல்லிவனும் ஒரே வீட்டில் இருப்பார்கள். ஆங்கில ஆட்சியில் விட்ட முன்னொட்டை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரிஷ் உணர்வு எழுந்தபோது பலர் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு விதமாகவும் தேடுங்கள்.

1922ல் எல்லாம் எரிந்துவிட்டது என்று கைவிடுவது

1922 ஜூன் 30ஆம் தேதி உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தின் ஆவணக் காப்பகம் எரிந்தது உண்மை. 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அதில் போயிற்று. 1861 முதல் 1891 வரையானவற்றை அதற்கு முன்பே அரசாங்கமே அழித்துவிட்டது. ஆனால் கத்தோலிக்கப் பதிவேடுகள் அந்தக் கட்டடத்தில் இருக்கவே இல்லை, அவை பங்குக் கோயில்களில் இருந்தன. தேசிய நூலகம் அவற்றின் படங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. 1864 முதல் எல்லாப் பிறப்பு, இறப்பு, திருமணங்களுக்கும் அரசுப் பதிவு உண்டு. 1901, 1911 கணக்குகளும் முழுதாக இருக்கின்றன, அவையும் இலவசம்.

கிரிஃபித் மதிப்பீட்டில் இல்லாதவர் ஊரிலேயே இல்லை என்று முடிவுகட்டுவது

1847 முதல் 1864 வரை வரி போடுவதற்காக எடுத்த கணக்கு அது. நிலத்தையோ வீட்டையோ யார் பெயரில் வைத்திருந்தார்களோ அவர் பெயர் மட்டும் இருக்கும், மனைவி மக்கள் இருக்க மாட்டார்கள். ஒரே டவுன்லேண்டில் மூன்று பேட்ரிக் சல்லிவன்கள் இருந்தால், அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரைக் குறித்திருப்பார்கள், நம் ஊர் இனிஷியல் மாதிரி. அந்தச் சின்ன அடைப்புக்குறியைத் தவறவிடாதீர்கள், சில சமயம் ஒரு தலைமுறையே அதில் கிடைக்கும்.

எல்லிஸ் தீவில் பெயரை மாற்றிவிட்டார்கள் என்பது

மாற்றவில்லை. கப்பலிலிருந்து வந்த பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்தார்கள்.

வயதை அப்படியே நம்புவது

1901ல் 52 என்று எழுதியவர் 1911ல் 70 என்று எழுதியிருப்பார். காரணம் ஓய்வூதியம். 1909 ஜனவரியிலிருந்து 70 வயதானவர்களுக்கு அது கிடைத்தது. 1864க்கு முன் பிறந்த பெரும்பாலானவர்களிடம் பிறப்புச் சான்று ஏது? 1841, 1851 மக்கள்தொகைக் கணக்கில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும்படி விண்ணப்பித்தார்கள். மூலக் கணக்கு எரிந்துபோனாலும் இந்த விண்ணப்பப் படிவங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. விண்ணப்பித்தவரின் அப்பா, அம்மா பெயரும், அப்போது குடியிருந்த டவுன்லேண்டும் அதிலேயே எழுதியிருக்கும். உங்கள் முன்னோர் இந்தியாவுக்கு வந்துவிட்டாலும், ஊரிலேயே தங்கிய தம்பி தங்கைகள் விண்ணப்பித்திருக்கலாம். அவர்கள் பெயரிலும் தேடுங்கள்.