சிங்கி இறால் ரோல்: ஒரே சதை, மூன்று ருசி

பணிஸுக்குள் சிங்கி இறால் சதையை வைத்தால் அதுதான் லொப்ஸ்டர் ரோல். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் அது என்றால் குளிர்ந்த சதை, கொஞ்சம் மயோனைஸ், பட்டரில் வாட்டிய பணிஸ். அதற்குத் தெற்கே இருக்கிற கனெக்டிகட்டில் மயோனைஸை வாங்கவே மாட்டார்கள். சூடான சதையை உருக்கிய பட்டரில் புரட்டி வைப்பார்கள். இந்தச் சூடான வகை மில்போர்ட் ஊரில் பெரீஸ் என்ற கடையில் 1920களில் தொடங்கியதாகச் சொல்லப்படுகிறது. கொழும்பில் மூன்றாவது கட்சி ஒன்று உண்டு. காலிமுகத்திடல் இறால் வடையிலும் ஹொட் பட்டர் கணவாயிலும் பழகிய நாக்குக்கு, பச்சை மிளகாயும் தேசிக்காய்ப் புளியும் படாத கடலுணவு சப்பென்றுதான் இருக்கும்.

ஒரே வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த மூன்று பேரும் இருந்தால் மூன்று தடவை சமைக்கத் தேவையில்லை. சதையை ஒரே முறையில் அவித்து எடுத்து, கடைசி ஐந்து நிமிடத்தில் மூன்றாகப் பிரித்தால் போதும். அவிப்பதும் வெட்டுவதும் பிழைத்தால் எந்தச் சேர்மானமும் அதைக் காப்பாற்றாது. அதனால் கீழே அந்த இரண்டுக்கும்தான் கூடுதல் இடம்.

முதலில் ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். மெயின் ரோலுக்குப் பயன்படுவது வட அத்திலாந்திக்கின் குளிர்ந்த நீரில் வளரும், பெரிய இடுக்கிகள் உள்ள இனம். அந்த இடுக்கிச் சதை மென்மையானது. பெரிய துண்டாக வைத்தாலும் பல்லுக்குத் தடையில்லை. நம் கடலில் கிடைக்கும் சிங்கி இறாலுக்கு இடுக்கியே இல்லை. சதை முக்கால்வாசியும் வாலில். வால் சதை இறுக்கமானது, நார் நீளமானது. அமெரிக்கச் செய்முறையை அப்படியே பார்த்துப் பெரிய துண்டுகளாக வைத்தால், முதல் கடியிலேயே முழுத் துண்டும் பணிஸிலிருந்து இழுபட்டு வெளியே வந்துவிடும்.

வாங்கும்போது

நான்கு ரோலுக்குத் தலா 450 முதல் 500 கிராம் எடையுள்ள மூன்று சிங்கி இறால் வேண்டும். ஓடும் தலையும் போனால் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சதைதான் மிஞ்சும். மூன்றிலிருந்தும் சேர்த்து ஏறக்குறைய 400 கிராம். ஒரு ரோலுக்கு 100 கிராம் கணக்கு. ஒரு கிலோவுக்கு மேற்பட்ட ஒன்றை வாங்குவதைவிட இந்த அளவில் மூன்று வாங்குவதே நல்லது. பெரியதில் வாலின் நடு வேகுமுன் ஓரம் இறுகிவிடும்.

உயிரோடு பிடிபடுவதில் பெரும்பங்கு ஏற்றுமதிக்கும் ஹோட்டல்களுக்கும் போய்விடும். ஆகவே பேலியகொடையிலோ நீர்கொழும்பிலோ தெரிந்த மீன்காரரிடம் முதல் நாளே சொல்லி வைக்க வேண்டும். கையில் தூக்கினால் வாலைப் படபடவென்று அடிக்க வேண்டும். மீசை ஒடிந்திருந்தால் பரவாயில்லை. வால் தொங்கினால் வேண்டாம். செத்ததும் தலைக்குள் இருக்கும் சீரண உறுப்பின் நொதிகள் வால் சதையைக் கரைக்கத் தொடங்கும். அப்படிப்பட்டதை எவ்வளவு பக்குவமாக அவித்தாலும் மாவாகத்தான் வரும். உயிருள்ளது கிடைக்காவிட்டால், தலையோடு உறைய வைத்த முழு இறாலை விட்டுவிட்டு, தலையை நீக்கி உறைய வைத்த வாலை வாங்குங்கள். காரணம் அதே நொதிதான். மூட்டுகளில் கறுப்புப் படர்ந்திருந்தாலோ, அமோனியா போல மூக்கில் ஏறினாலோ வாங்காதீர்கள்.

வாலுக்கு அடியில் செம்மஞ்சள் நிறத்தில் முட்டை ஒட்டியிருப்பதையும், ஓடு மெத்தென்று இருப்பதையும் பிடிப்பதும் விற்பதும் சட்டப்படி தடை. பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்கள் பிடிக்கக்கூடாத காலம். அந்த மாதங்களில் யாராவது மலிவாகக் கொண்டுவந்து நீட்டினாலும் வாங்க வேண்டாம். கடலில் முட்டையிட விட்டால்தான் அடுத்த வருடமும் இந்த ரோல் இருக்கும். அப்போது செய்யக்கூடிய இறால் ரோலும் நண்டு ரோலும் கீழே இருக்கின்றன.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது நன்னீரில் போட்டுவிடாதீர்கள், அதிலேயே செத்துவிடும். ரெஜிபோம் பெட்டியின் அடியில் ஐஸ், அதன்மேல் கடதாசி, அதன்மேல் கடல்நீரில் நனைத்த சாக்கு, பிறகு இறால். மூடியை இறுக்க வேண்டாம், காற்றுப் போக வேண்டும். இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.

அவிப்பது

தண்ணீரில் போட்டு அவிப்பதைவிட ஆவியில் அவிப்பது மேல். சதையின் இனிப்பு தண்ணீருக்குப் போகாது. இடியப்பம் அவிக்கும் பெரிய சட்டியே போதும். முதலில் உப்புக் கலந்த ஐஸ் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் வையுங்கள். அசைவு முற்றாக நின்றுவிடும். பிறகு வாலின் அடிப்பக்கத்தில், சதைக்கும் ஓட்டுக்கும் இடையே நீளவாக்கில் ஒரு மூங்கில் குச்சியைச் செலுத்துங்கள். இப்படிச் செய்தால் வால் சுருளாது, ஒரே சீராக வேகும், வெட்டவும் சுலபம்.

சட்டியில் இரண்டு அங்குலத் தண்ணீர் கொதித்து ஆவி நன்றாகக் கிளம்பிய பின்பே இறாலை வைத்து மூட வேண்டும். 450 முதல் 500 கிராம் எடைக்கு 9 முதல் 10 நிமிடம். இடையில் மூடியைத் திறந்து பார்த்தால் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். வெப்பமானி இருந்தால் சந்தேகமே வேண்டாம்: வாலின் தடித்த பகுதியில் 60 பாகை செல்சியஸ் காட்டியதும் இறக்குங்கள், உள்ளிருக்கும் சூட்டிலேயே 63 வரை ஏறும். வெப்பமானி இல்லாவிட்டால் தலையும் வாலும் சேரும் இடத்தில் மேலோட்டை நெகிழ்த்திப் பாருங்கள். அங்கே தெரியும் சதை கண்ணாடித் தன்மை போய் முழு வெள்ளையாகியிருக்க வேண்டும். ஓடு சிவந்துவிட்டது என்பதை மட்டும் நம்பாதீர்கள். சதை வேகுமுன்பே ஓடு சிவந்துவிடும்.

இறக்கியதும் உப்புப் போட்ட ஐஸ் தண்ணீரில் மூன்று நிமிடம், அதற்குமேல் வேண்டாம். சூடு நிற்பதற்காகத்தான் இது. ஊறவிட்டால் சதை தண்ணீர் குடிக்கும். பின்னர் அந்தத் தண்ணீர் பணிஸுக்குள் இறங்கும்.

வாலைத் திருகிப் பிரித்து, அடிப்பக்க மெல்லோட்டைக் கத்தரிக்கோலால் இரண்டு ஓரமும் வெட்டிச் சதையை முழுதாக எடுங்கள். முதுகில் ஓடும் குடலை நீக்குங்கள். மீசையின் அடித்தண்டிலும் சதை உண்டு, பலர் அதை எறிந்துவிடுகிறார்கள். கால்களைப் பலகையில் வைத்து மேலே ஒரு போத்தலை உருட்டினால் உள்ளே இருப்பது பிதுங்கி வரும். இந்தக் காற்சதை மென்மையானது. வாலின் இறுக்கத்துக்கு நடுவே இது சேர்ந்தால்தான் ரோல் வாயில் இதமாக இருக்கும்.

வாலை முதலில் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, பிறகு நாருக்குக் குறுக்கே ஒரு சென்றிமீற்றர் துண்டுகளாக வெட்டுங்கள். நார் ஓடும் திசையிலேயே வெட்டினால் சவ்வு போல மெல்ல வேண்டிவரும். வெட்டியதைச் சுத்தமான துணியில் பரப்பி ஐந்து நிமிடம் ஈரம் ஒற்றுங்கள். இதைத் தவிர்ப்பதால்தான் மயோனைஸ் நீர்த்து ஓடுகிறது.

பாண்

அமெரிக்கப் பணிஸ் மேலே பிளந்தது, இரண்டு பக்கமும் மேற்பட்டை இல்லாமல் உட்புறம் தெரியும். அதனால் பட்டரில் வாட்டும்போது பக்கங்கள் மொறுமொறுப்பாகும். கொழும்பு பேக்கரிகளின் ஹொட் டோக் பணிஸ் சுற்றிலும் பட்டையோடு வரும், பெரும்பாலும் இனிக்கும். இனிப்பு பணிஸ் வேண்டாம். சிங்கி இறாலின் இனிப்பு அதில் தெரியாமல் போய்விடும். வெட்டாத சாண்ட்விச் பாண் ஒன்றைக் கேட்டு வாங்கி, நான்கு சென்றிமீற்றர் தடிப்பில் துண்டு போடுங்கள். மேற்பட்டைப் பக்கத்திலிருந்து நடுவே ஒரு பிளவு, அடியில் ஒரு சென்றிமீற்றர் விட்டு. நிமிர்த்திப் பிடித்தால் பை போல விரியும், இரண்டு பக்கமும் வாட்டத் தயாராக இருக்கும். அன்று சுட்ட பாணைவிட முதல் நாள் பாண் நல்லது. புதிய பாண் பட்டரை உறிஞ்சித் தளர்ந்துவிடும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு தேக்கரண்டி பட்டர், தாச்சியில் மிதமான சூடு, பக்கத்துக்கு இரண்டு நிமிடம். வாட்டும் வேலை கடைசியாக நடக்க வேண்டும். பாண் வாட்டி முடியும்வரை சதை காத்திருக்கலாம், சதைக்காகப் பாண் காத்திருக்கக் கூடாது.

மூன்று முடிவுகள்

எல்லா அளவும் ஒரு ரோலுக்கு, அதாவது 100 கிராம் சதைக்கு.

குளிர்ந்தது: மயோனைஸ் ஒரு மேசைக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக. துண்டுகள் ஒட்டி நிற்கவேண்டும், மூழ்கக் கூடாது. கடை மயோனைஸ் பலவும் இனிப்பு. அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் அதைச் சரிசெய்யும். செலரி போடுவது அங்கத்தைய வழக்கம். இங்கே கிடைக்கும் செலரித் தண்டு மெலிது, வாசம் காரமானது. கொஞ்சமாகவே போடுங்கள். அல்லது தோலும் விதையும் நீக்கிய வெள்ளரிக்காயைப் பொடியாக நறுக்கி ஒரு மேசைக்கரண்டி. சதை முற்றாகக் குளிர்ந்த பின்பே கலக்க வேண்டும். சூட்டில் மயோனைஸ் பிரிந்து எண்ணெய் விடும். கொழும்பு வெக்கையில் கலந்த பின் ஒரு மணி நேரத்துக்குமேல் வெளியே வைக்காதீர்கள்.

சூடானது: பட்டர் 25 கிராம், மிகக் குறைந்த தீயில் உருக்கி மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். உப்பில்லாத பட்டரானால் ஒரு சிட்டிகை உப்பு. உப்புப் பட்டரானால் வேறு உப்பே வேண்டாம். அடுப்பை அணைத்த பின் சதையைப் போட்டு இரண்டு நிமிடம் புரட்டுங்கள். பட்டர் குமிழி விட்டால் சூடு அதிகம். ஏற்கெனவே வெந்த சதை அதில் ரப்பராகும். சிங்கி இறாலின் சொந்த ருசி எதில் கூடுதலாகத் தெரியும் என்று கேட்டால், இதில்தான். முதல் தடவை செய்பவர்கள் இதிலிருந்து தொடங்குவது நல்லது.

காரமானது: பட்டர் 15 கிராம். அதில் பொடியாக நறுக்கிய உள்ளி ஒரு சிறு பல், கறிவேப்பிலை ஐந்து இலை. உள்ளி நிறம் மாறுமுன் அடுப்பை அணைக்க வேண்டும், பழுப்பானால் கசக்கும். பிறகு விதை நீக்கி நறுக்கிய பச்சை மிளகாய் பாதி, சின்ன வெங்காயம் ஒன்று, இடித்த மிளகு கால் தேக்கரண்டி, கடைசியாகச் சதை. பாணில் வைக்கும் நேரத்தில் மட்டும் அரைத் தேக்கரண்டி தேசிக்காய்ச் சாறு. முன்கூட்டியே பிழிந்தால் புளி சதையை இறுக்கி நீரை வெளியேற்றும். மிளகாய்த்தூள் வேண்டாம். வேகாத தூளின் மண் வாசம் வேறெதையும் தெரியவிடாது. இன்னும் காரம் கேட்பவர்களுக்கு இடித்த செத்தல் மிளகாய் ஒரு சிட்டிகை மேலே தூவலாம். மாசிச் சம்பலைச் சிலர் விரும்பி வைப்பார்கள். இறால் ரோலுக்கு அது மிகப் பொருத்தம், ஆனால் சிங்கி இறாலுக்கு மாசியின் புகை வாசம் கூடிப்போகும்.

இறாலோ நண்டோ ஒத்துக்கொள்ளாதவருக்கு சிங்கி இறாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது. அவருடைய பாணை வேறு தாச்சியில், வேறு பட்டரில் வாட்டுங்கள்.

தடைக் காலத்தில்

இறாலில் செய்வதானால் கோதுடன் 700 கிராம் வாங்கினால் நான்கு ரோலுக்குப் போதும். கோதும் குடலும் நீக்கி, ஆவியில் மூன்று நிமிடம். வளையம் போல முற்றாகச் சுருண்டால் கூடிவிட்டது, அரை வளைவில் எடுக்க வேண்டும். இறாலுக்குக் காரமான முடிவு மிகப் பொருந்தும். நண்டுச் சதை இழை இழையாக உதிரும். அதைப் புரட்டினால் கூழாகிவிடும். ஆகவே மயோனைஸைத் தனியாகத் தயார்செய்து, அதன்மேல் சதையைக் கொட்டி முள்ளுக்கரண்டியால் இரண்டு தடவை தூக்கிவிட்டால் போதும். நண்டுக்குக் குளிர்ந்த முடிவுதான் சரி. ஓட்டுத் துணுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகே கலக்குங்கள். கணவாயை இந்த ரோலில் வைக்க வேண்டாம். அதன் மொறுமொறுப்பு பொரித்த உடனே சாப்பிடுவதற்கானது, பாணுக்குள் ஒரு நிமிடத்தில் நமத்துவிடும்.

மிஞ்சிய சதையை எதுவும் கலக்காமல் மூடிய பாத்திரத்தில் பிரிட்ஜில் ஒரு நாள் வைக்கலாம். மறுநாள் குளிர்ந்த ரோலுக்கு மட்டும் எடுங்கள், சூடாக்க வேண்டாம். ஓடுகளையும் தலைகளையும் எறியாதீர்கள். சிறிது எண்ணெயில் ஐந்து நிமிடம் வதக்கி, ஒன்றரை லீற்றர் தண்ணீரும் ரம்பைத் துண்டும் சேர்த்து 40 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு வடித்தால், அடுத்த நாள் சொதிக்குத் தண்ணீருக்குப் பதிலாக அதையே ஊற்றலாம். உப்பைக் கடைசியில் பார்த்துப் போடுங்கள், ஓட்டில் ஏற்கெனவே கடல் உப்பு இருக்கிறது.